காலியாக விட முடியாத கட்டம்

“அப்பா பேரே இல்லாத பிள்ளைக்கு நீ என்னடி போட்டே?” என்று ரூல்ஸ் அக்கா ஒருநாள் கேட்டாள். பதிவேட்டில் இருந்ததைத்தான் என்றேன். அவளுக்கு இருந்த அலுப்பில் அதற்குமேல் தோண்டவில்லை.

ஒரு குழந்தைகள் காப்பகத்தின் நாற்பது வருடச் சேர்க்கைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு விவரத்தையும் அதற்குரிய டேகுக்குள், அதாவது பெயரிட்ட கட்டத்துக்குள், அடிக்க வேண்டும். எந்த டேகுக்குள் என்ன வரலாம், எத்தனை முறை, எந்த வரிசையில் என்று விதி எழுதுகிறவள் அக்கா. அந்த விதிகளுக்கு ஸ்கீமா என்று பெயர். முதலில் அவள் எழுதியது கறாரானது. பெயர் ஒன்று, அப்பா ஒன்று, அம்மா ஒன்று, தேதி ஒன்று, இதே வரிசை. எது குறைந்தாலும் சரிபார்க்கும் புரோகிராம் சிவப்புக் கோடு காட்டும். சிவப்பெல்லாம் மறுநாள் காலை எங்கள் மேஜைக்கே திரும்பி வரும்.

பிள்ளைகள் அந்த வரிசையில் வந்து சேரவில்லை. ஒன்றுக்கு இரண்டு அப்பா. ஒன்றுக்குத் தேதியின் நடுவிலேயே ‘காய்ச்சல், ஒரு காலில்தான் செருப்பு’ என்று இருந்தது. பல பேருக்கு அப்பா இடத்தில் வெறும் கோடு. கோட்டை அடித்தேன், சிவப்பு. புள்ளி வைத்தேன், சிவப்பு. மூன்று எழுத்தாவது வேண்டுமாம். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். அக்காவின் மேஜைப் பக்கம் போனாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாயில்லாப்பூச்சி என்றுதான் அங்கே என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் அப்பாவின் பெயரை அடித்தேன். பச்சை வந்தது. பிறகு விரல் தானாகவே அதை அடிக்கப் பழகிவிட்டது.

இரண்டு மாதம் சிவப்போடு மாரடித்த பிறகு அக்கா விதியைத் தளர்த்தினாள். அப்பா இல்லாமலும் போகலாம், இரண்டு முறையும் வரலாம். அம்மா முன்னால் வரலாம். நடுவில் எங்கு வேண்டுமானாலும் குறிப்பு ஓடலாம். ஆனால் பெயர் அல்லது அடையாளம், இரண்டில் ஒன்று கட்டாயம்.

“எல்லாருக்கும் ஒரே அளவுல சட்டை தைச்சுட்டு உடம்பக் குறை சொல்லிட்டிருந்திருக்கேன்” என்றாள். “அதுக்காகக் கோணியாவும் தைக்க முடியாது. எங்க பிடிக்கணும், எங்க விடணும்னு பாத்துப் பாத்தே கண்ணு பூத்துப்போச்சு.”

பழைய கோப்புகளைப் புது விதியில் ஓட்டினாள். எல்லாம் பச்சை. என்னுடையதும்தான். அப்பா பெயர் இருக்கிறதா இல்லையா என்பதுகூட அதற்கு இனி முக்கியமில்லை. அது யாருடைய பெயர் என்று எப்போதுமே கேட்டதில்லை. என் கோப்பு ஒன்றில்கூட அப்பா விடுபடவில்லையே என்று சந்தேகப்பட்டுத்தான் அக்கா அன்று என்னைக் கேட்டாள்.

அடுத்த வாரம் மதியத்தில் ஒரு பெண் மூச்சுவாங்க மாடியேறி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் காப்பகத்தில் வளர்ந்தவள். நாங்கள் ஏற்றிய பதிவின் நகலைக் காப்பகத்தார் கொடுத்திருந்தார்கள். மூலப் பதிவேட்டில் அப்பாவைப் பற்றி இன்னும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நகலில் அப்பா என்றிருந்த பெயருள்ள ஆறு பேரின் வீடுகளுக்கு ஏற்கெனவே போய் வந்துவிட்டாள். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்களாம்.

“இன்னும் ஒருத்தர்தான் இருக்கார். செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்றாரு” என்று சிரித்தபடி முகவரிப் பட்டியலை மேஜைமேல் விரித்தாள்.

கடைசி வரியில் எங்கள் தெரு, எங்கள் கதவு எண். இந்நேரம் அப்பா வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அக்கா பதிவேட்டைத் திறந்தாள். அப்பா இடத்தில் கோடு. பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘அழவில்லை’ என்று ஒரு குறிப்பு. அதற்கு அன்றைக்கு டேக் இல்லாததால் நான் விட்டிருந்தேன். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அது எங்கப்பா பேருங்க” என்றேன் அந்தப் பெண்ணிடம். “உங்களுக்குக் கோடுதான் போட்டிருந்துச்சு. காலியா விட்டா மெஷின் ஒத்துக்கல. நான்தான் போட்டேன்.”

அவள் அந்தக் குறிப்பின்மேல் விரலை வைத்தாள். அதை இரண்டு மூன்று முறை படித்திருக்க வேண்டும். பிறகு நகலை மட்டும் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பட்டியலை மேஜையிலேயே விட்டுவிட்டு, படியிறங்கிப் போனாள்.