கஷ்டமில்லை என்று எழுதியவர்

தண்ணீர் மோட்டார் விற்கும் வேலையை விட்டு ஆறு வருடமாகியும் தெருவில் அவரை மோட்டார்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓடாத மோட்டாரையும் பேசியே ஓட வைப்பவர் என்று பெயர் எடுத்தவர். பிறந்ததிலிருந்தே நடக்க முடியாத, விழுங்கவும் சிரமப்படுகிற பதினோரு வயது மகளை முழு நேரமும் கவனிப்பதுதான் இப்போது அவர் வேலை. மனைவி மருந்துக்கடையில் வாரம் ஏழு நாளும் நின்று குடும்பத்தை ஓட்டினாள்.

இப்படிப் பிள்ளையோடு வீட்டிலேயே இருக்கும் பெற்றோருக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார். 'பராமரிப்புச் சிரமம் போதிய அளவில் இல்லை' என்று பதில் வந்தது. மனைவி அவர் எழுதிய விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் படித்தாள். உணவு ஊட்டுவதில் சிரமம் உண்டா? 'இல்லை.' தூக்கம் கெடுகிறதா? 'பழகிவிட்டது.'

"விண்ணப்பம் எழுதச் சொன்னா, பொண்ணு கேட்டுப் போற மாப்பிள்ளை மாதிரி உங்க பெருமையை எழுதி வச்சிருக்கீங்களே!"

சரக்கை உயர்த்திச் சொல்லியே பழகிய ஆள்; சொந்தக் கஷ்டத்தையும் குறையில்லாத சரக்காக்கி அனுப்பியிருந்தார்.

மேல்முறையீடு செய்ததும் அதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது. இந்த முறை விடுவதில்லை என்று இரண்டு நாள் சவரம் செய்யாமல், கண்ணாடி முன் நின்று பரிதாபமாக முகத்தை வைத்துப் பழகினார். பல்வலிக்காரன் முகம்தான் வந்தது. மகள் அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அதிகாரி அம்மா வந்து உட்கார்ந்தார். மோட்டார்காரரின் வாய் தன்னால் திறந்தது.

"ஒரு கஷ்டமும் இல்லைங்க மேடம். டீ போடட்டுமா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதற்குள் மகளுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. தாடையைத் தாங்கிப் பிடித்து, மசித்த சாப்பாட்டை அரைக் கரண்டி அரைக் கரண்டியாக ஊட்டினார். பாதியில் புரையேறியது. பக்கவாட்டில் சாய்த்து, முதுகைத் தட்டி, வாயைத் துடைத்து, உடை மாற்றி, மூச்சு சீரானதும் மறுபடி கரண்டியை எடுத்தார். அதிகாரி இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

"எழுபது நிமிஷம்," என்றார் அதிகாரி, கோப்பில் தெறித்திருந்ததைத் துடைத்தபடி. "தினமும் இப்படித்தானா?"

"இல்லைங்க, இன்னிக்குச் சீக்கிரமே முடிஞ்சிருச்சு," என்றார் இவர், பெருமையாக.

அதிகாரி அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார். "சார், அந்த ஃபாரத்தை உங்க வீட்டம்மா எழுதியிருந்தா முதல் தடவையே கிடைச்சிருக்கும்."

அடுத்த மாதம் உதவித்தொகை வந்தது. மனைவி ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதை நிறுத்தினாள். முதல் ஞாயிறு அவர் வெயில் ஏறும்வரை தூங்கி, அடித்துப் பிடித்து எழுந்து ஓடினார்.

"அவ சாப்பிட்டாச்சு. நீங்க போய்ப் படுங்க," என்றாள் மனைவி.

போய்ப் படுத்தார். தூக்கம் வரவில்லை. தான் இல்லாமலே ஒரு வேளைச் சாப்பாடு நல்லபடியாக நடந்துவிட்டதே என்று நிம்மதிதான். கூடவே, வெளியே சொல்ல வெட்கமாக, கொஞ்சம் பொறாமையும்.