ஐந்து பத்து பஸ்ஸும் நாற்பத்து மூன்று தாள்களும்

என் பெயர் இசக்கியம்மாள். டொராண்டோவில் பாதிப் பேருக்கு நான் இஸ்ஸி. சொந்த ஊர் கோவில்பட்டி, அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மருமகள் எப்படி என்று மூன்று ஸ்டாப்புக்குள் கேட்டு முடித்துவிடுகிற வம்சம் எங்களுடையது. இங்கே வந்த எட்டு மாதத்தில் குளிரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாற்பது பேர் போகிற பஸ்ஸில் ஓர் இருமல்கூடக் கேட்காது. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

பார்ப்பதற்கு யாரும் தடை போடவில்லை என்பதுதான் ஆறுதல். பனி உருகும் நாட்களில் வேலிக் கம்பிகளின் நுனியில் ஒற்றைக் கையுறைகள் மாட்டியிருக்கும். தொலைத்தவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று வழியில் போகிற யாரோ பொறுக்கி மாட்டிவிடுகிறார்கள். எத்தனை பேர் திரும்பி வந்து எடுக்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர். இப்படிப்பட்டவளுக்கு வேறு என்ன படிப்பு வரும்? நகரப் போக்குவரத்தில் முதுகலை படிக்கிறேன்.

மார்ச் மாதத்தில் பேராசிரியர் ஹெலன் என்னைக் கூப்பிட்டார். வெக்ஸ்போர்ட் பக்கமிருந்து காலை ஐந்து பத்துக்குப் புறப்படும் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஐந்து ஐம்பதுக்குத்தான் முதல் பஸ் என்று மாற்ற ஒரு திட்டம் இருந்தது. அதில் போகிறவர்களுக்குச் சிரமம் வருமா என்று கணக்கெடுக்கும் வேலை எங்கள் துறைக்கு வந்திருந்தது. எனக்குச் சம்பளமும் அந்த வேலையிலிருந்துதான்.

“பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். நீயும் தமிழ். இதைவிட என்ன வேண்டும்?” என்றார் ஹெலன்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு கேள்வித்தாள் தயார் செய்தேன். பல்கலைக்கழக முத்திரையும் கோப்பு எண்ணும் மேலே. உங்கள் பதில்கள் ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைக்கப்படும் என்ற உறுதிமொழி நடுவில். கையெழுத்துக்குக் கோடு கீழே. கையெழுத்து இல்லாமல் ஒருவர் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லைக்கூட ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது இங்கே கண்டிப்பு. தாள் முழுவதையும் நானே தமிழில் எழுதினேன். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நாலு நாள் காலையில் அந்த ஸ்டாப்பில் விறைத்துப்போய் நின்றேன். நாற்பத்து மூன்று பேர், ஒருவர்கூட முகம் சுளிக்காமல் நிரப்பிக் கொடுத்தார்கள்.

‘இந்தப் பஸ் நிறுத்தப்பட்டால் உங்களுக்குச் சிரமம் ஏற்படுமா?’ என்ற கேள்விக்கு நாற்பத்தொரு பேர் ‘இல்லை’ என்று டிக் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் வெறுமனே விட்டிருந்தார்கள். வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் என்று விட்டிருந்த இடத்தில் பலர் ‘நன்றி’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ‘கனடா நல்ல நாடு’ என்று எழுதியிருந்தார்.

ஹெலனுக்கு ஒரே சந்தோஷம். அறிக்கை நகரப் போக்குவரத்துத் திட்ட அதிகாரிக்குப் போய்விட்டது. ஏப்ரல் இரண்டாவது வியாழக்கிழமை மாலை ஒரு பொதுக்கூட்டம், அதோடு அந்தப் பஸ் கதை முடிந்துவிடும்.

எனக்குத்தான் மண்டைக்குள் ஒரு வண்டு குடைந்துகொண்டே இருந்தது. சிரமமே இல்லாதவர்கள் ஏன் வழுக்குகிற பனியில் அப்படி ஓடிவந்து அந்தப் பஸ்ஸில் தொற்றுகிறார்கள்? அப்படி எங்கேதான் போகிறார்கள்? கூட்டம் நடக்கிற வாரத்துத் திங்கட்கிழமை, அட்டையும் தாளும் இல்லாமல், சும்மா ஒரு பயணியாக நானும் ஏறினேன். மடியில் சாப்பாட்டுப் பையோடு இருந்த அறுபது வயதுக்காரி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எந்த ஊரு ஆன்ட்டி?” என்றேன். அப்பாடா, எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்டேவிட்டேன்!

“சாவகச்சேரி. பிள்ளை இந்தியாவோ? பேச்சிலை தெரியுது.”

அவள் பெயர் மங்கையற்கரசி. ஒரு சாண்ட்விச் தொழிற்சாலையில் வெள்ளரித் துண்டு அடுக்குகிற வேலை. இரண்டு பிள்ளைகள், மூத்தவன் யூனியன்வில்லில். மருமகள் கதைக்கு வருவதற்குள் நான் பஸ் கதைக்கு வந்துவிட்டேன்.

“ஆறு மணிக்கு லைனிலை நிக்கவேணும் பிள்ளை. ரெண்டு தரம் லேற் எண்டால், வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரர் பேரை வெட்டிப்போடுவினம். போன தை மாசம் ஒருநாள் பஸ் வரேல்லை. நடந்தனான். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும். கண் இமையெல்லாம் ஐஸ்.”

“இந்தப் பஸ்ஸையே நிறுத்திட்டா?”

“நடக்கிறதுதான். ஏலாட்டி வேலையை விடுறது. அறுபத்தொரு வயசிலை என்னை வேறை ஆர் எடுக்கப்போகினம்?”

நான் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். “அப்புறம் ஏன் ஆன்ட்டி சிரமம் இல்லைன்னு டிக் போட்டீங்க?”

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஓ, அது நீரோ! அது பேப்பர் எல்லோ பிள்ளை.”

“பேப்பர்னா?”

“சீல் அடிச்ச பேப்பரிலை ஆரும் குறை எழுதுவினமோ? நாங்கள் தொண்ணூற்றொண்டிலை வந்தனாங்கள். அகதிக் கேஸ் நடக்கேக்கை எங்களைக் கூட்டிக்கொண்டு போன அண்ணை சொல்லித்தந்தவர், கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ, இந்த நாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதேங்கோ, கையெழுத்தைப் போடுங்கோ எண்டு. அப்பிடித்தான் எங்களை எடுத்தவை.”

முன் சீட்டிலிருந்த பெரியவர் ஒருவர் திரும்பினார். பஸ்ரியன் அங்கிள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். “நானும் அப்பிடித்தான் போட்டனான். பிள்ளை குளிருக்கை நிண்டு நடுங்கினது. குறை எழுதிக் குடுத்தால் பிள்ளைக்கும் வேலையிடத்திலை கரைச்சல் வரும் எல்லோ?”

அடி ஆத்தீ! இந்த நாற்பத்தொரு பேரும் என்னையும் சேர்த்தல்லவா காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. முத்திரையும் கோப்பு எண்ணுமாகக் கொண்டுபோய் நீட்டியவள் நான். மரியாதை என்று நினைத்து நான் செய்ததெல்லாம் அவர்களை முப்பது வருடத்துக்கு முந்தைய விசாரணை அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறது.

நேரே ஹெலனிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “பஸ்ஸில் பேசியதை எழுத முடியாது, இஸ்ஸி. கையெழுத்து இருக்கிறதா? இல்லையென்றால் மறுபடி கேட்டு வா.”

மறுநாள் புதுத் தாளோடு போனேன். மங்கையற்கரசி ஆன்ட்டி, அதற்குள் அவர்கள் வாய்ப்படி எனக்கும் ‘அன்ரி’ ஆகியிருந்தவள், கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தாள், மறுபடியும் ‘இல்லை’யில் டிக் போட்டாள்.

“அன்ரி! அநியாயம் பண்ணுதீங்க!” என்று கத்தியேவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“கோவிக்காதையும் பிள்ளை. கை போகுதில்லை.”

“வியாழக்கிழமை கூட்டத்துக்காவது வாங்க.”

“வாறன். ஆனால் கதைக்க மாட்டன்.”

வந்தாள். அவளோடு இன்னும் இருபது பேர், கோட்டைக்கூடக் கழற்றாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திட்ட அதிகாரி நல்ல மனிதர்தான், சிரித்த முகம். திரையில் பெரிய எழுத்தில் காட்டினார்: தொண்ணூற்றைந்து சதவீதம் பேருக்குச் சிரமம் இல்லை. அதன் கீழே எங்கள் துறையின் பெயர். ஹெலன் கடைசி வரிசையில் இருந்தார்.

எழுந்தால் சம்பளம் போகலாம், எழாவிட்டால் அன்ரியின் வேலை போகும். எழுந்தேன்.

“அந்தக் கணக்கு தப்பு. எடுத்தது நான்தான்” என்றேன் ஆங்கிலத்தில்.

அதிகாரிக்குக் குழப்பம். “எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே? சரி, யாருக்காவது குறை இருந்தால் இப்போது சொல்லட்டும். நீங்கள் மொழிபெயருங்கள்.”

மொழிபெயர்த்தேன். ஒரு கை எழவில்லை. ‘குறை’ என்ற சொல் காதில் விழுந்ததுமே இருபத்தொரு தலையும் குனிந்துகொண்டது. அதிகாரி அடுத்த படத்துக்குப் போகக் கையை நீட்டினார். எனக்கு வந்த பதற்றத்தில் கூட்டம், முறை எல்லாம் மறந்துபோயிற்று. எங்கள் ஊர் பஸ்ஸில் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டேன்:

“அன்ரி, அந்த ஐந்து பத்து இல்லேன்னா, திங்கக்கிழமை காலைல எப்படிப் போவீங்க?”

எப்படிப் போவாய் என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க யாரால் முடியும்? அன்ரி எழுந்தாள்.

“எனக்குக் குறையில்லை. ஆனால் நான் நடந்துதான் போவன். நாலே முக்காலுக்கு வெளிக்கிடவேணும். பாலத்துக்குக் கீழை ஐஸ், அதிலை போன தை மாசம் விழுந்தனான். குறையில்லை, சும்மா சொல்லுறன்.”

விழுந்ததை என்னிடம்கூடச் சொல்லவில்லை, பாவி மனுஷி. நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

பஸ்ரியன் அங்கிள் எழுந்தார். “எனக்கும் குறையில்லை. நான் ஒஷாவாவுக்குப் போற ஆள். உந்தப் பஸ்ஸை விட்டால் அங்காலை கனெக்சன் இல்லை.” அவருக்குப் பின்னால் ஒரு பெண். பிறகு இன்னும் இருவர். எல்லோரும் முதலில் குறையில்லை என்றார்கள், பிறகு எப்படிப் போவார்கள் என்பதைச் சொன்னார்கள். பதினெட்டுப் பேர். அதிகாரி சிரிப்பை விட்டுவிட்டு எழுதத் தொடங்கியிருந்தார்.

கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார். “இந்தக் கணக்கை வைத்து இந்தப் பஸ்ஸை நிறுத்த முடியாது. மறுபடி எண்ணும்வரை ஐந்து பத்து ஓடும்” என்றார்.

சொன்னதும் கைதட்டல் எல்லாம் இல்லை. “ஓம், நன்றி” என்று கோட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அன்ரி மட்டும் என் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தாள்.

“உமக்கு ஒரு பிரச்சினையும் வராதோ?”

கடைசி வரிசையில் ஹெலன் என்னைப் பார்க்காமல் பையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“தெரியல அன்ரி. பயமாத்தான் இருக்கு.”

“அவவோ உம்மடை புரொபெசர்? வாரும்.” என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய் ஹெலன் முன்னால் நின்றாள். “உந்தப் பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. பிழை விட்டது நாங்கள். நல்ல பிள்ளை, குளிருக்கை நாலு நாள் நிண்டது. நீர் இங்கிலிசிலை சொல்லும்.”

என் பெருமையை நானே ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய கொடுமை. பாதியை விழுங்கிச் சொன்னேன். ஹெலன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். துறைத் தலைவர் விளக்கம் கேட்பார் என்றும், வாயால் சொன்னது அங்கே நிற்காது என்றும் மெதுவாகச் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன்.

அன்ரி கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எங்கை பேப்பர்? தரச் சொல்லும், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாறன்.”