மூன்று கையெழுத்து போதுமா

பத்திரப் பதிவுக்கு இன்னும் தொண்ணூற்றாறு மணி நேரம் இருந்தது. மாடியில் ஒரு அட்டைப்பெட்டி கூட நகரவில்லை.

கீழ்வீட்டுக்காரிக்கு அது காதாலேயே தெரியும். பத்தொன்பது வருடமாகத் தலைக்கு மேல் நடக்கிற நடையைக் கேட்டவள். எந்தக் கதவு திறக்கிறது, எந்த நாற்காலிக்குக் கால் ஆடுகிறது என்று படுத்தபடியே சொல்லிவிடுவாள். ஒரு வாரமாக அவள் வீட்டில் டேப்பை இழுத்துக் கிழிக்கிற சத்தம் ஓயவில்லை. மேலே அந்தச் சத்தம் ஒரு தடவை கூட எழவில்லை. கொழுந்தனின் தொம் தொம் நடை மட்டும் வழக்கம்போலக் கேட்டது. அவன் மனைவிக்குப் பூனை நடை. இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

வீடு பழையது. தெருவுக்குத்தான் திடீரென்று மவுசு வந்திருந்தது. எதிரே மளிகைக் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட காப்பிக் கடை. அதற்குப் பக்கத்தில் நாய்களுக்கு முடி வெட்டுகிற கடை. நமக்கு வெட்ட மூன்று தெரு தள்ளிப் போக வேண்டியிருக்கிறது என்று அவள் கணவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். வாரத்துக்கு இரண்டு தரகர்களாவது வந்து மணி அடித்தார்கள். கடைசியில் வந்த ஒரு பல் மருத்துவர் சுவர்களைத் தட்டிப் பார்த்தார், கீழே மருத்துவமனை மேலே குடித்தனம் என்று அங்கேயே முடிவு செய்தார், வாங்கிக்கொள்கிறேன் என்றார். இந்தத் தேதி தவறினால் முனைவீட்டை வாங்கிக்கொள்வதாகவும் அதே மூச்சில் சொன்னார்.

அந்தத் தேதி தவறக் கூடாது. கீழ்த்தளத்துச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. மழை பிடித்தால் மகளுக்கு மூச்சு இழுக்கும். போன மழைக்காலத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரி. மூன்றாவது தடவை உதடு நீலம் பாரித்துவிட்டது. அடுத்த மழைக்குள் வேறு வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றார் டாக்டர். காய்ந்த சுவருள்ள ஒரு சின்ன வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். இதை விற்றால்தான் அது. மழைக்கு ஒன்றரை மாதம் இருந்தது.

விற்க நாலு கையெழுத்து வேண்டும். மாமனார் சாவதற்கு முன், பின்னால் சண்டை வரக் கூடாதென்று தளத்துக்கு இருவராக எழுதிவைத்திருந்தார். கீழே மூத்த மகனும் அவன் மனைவியும், மேலே இளையவனும் அவன் மனைவியும். எல்லாவற்றையும் யோசித்த மனிதர், மருமகள்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்று ஆரம்பித்த வாக்குவாதம் எங்கெங்கோ போய் முடிந்தது. அன்றிலிருந்து இவள் அவளுக்குக் கீழ்வீட்டுக்காரி, அவள் இவளுக்கு மேல்வீட்டுக்காரி. அவள் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். ஷிப்ட் வேலை. மாடிப்படியோ வீட்டுக்கு வெளியே, பின்பக்கம். எப்போது போகிறாள் எப்போது வருகிறாள் என்று இவள் பார்ப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. விற்கிற பேச்சு வந்தபோது கொழுந்தன்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையாட்டினான். அவளும் சரி என்கிறாள் என்றான்.

"மேல மூட்டை கட்டற மாதிரியே தெரியலயே" என்றாள் கணவனிடம்.

"ரத்தத்தைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு உனக்கு மனுஷங்க மேலயும் சந்தேகம் வந்துருச்சு" என்றான் அவன்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். குழாயில் ஒட்டிய பெயரும் சீட்டில் எழுதிய பெயரும் ஒன்றுதானா என்று மூன்று தடவை பார்க்காமல் எதையும் தொட மாட்டாள். அதில் என்ன தப்பு என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை.

மறுநாள் தரகர் வந்தார். கீழே தலை காட்டாமல் நேராகப் பின்பக்கம் போய் மாடி ஏறினார். நாற்பது நிமிடம் கழித்து இறங்கியவரை அவள் கேட்டருகே மடக்கினாள். சும்மா வந்தேன் என்றார். சும்மா வர நாற்பது நிமிடமா என்று கேட்டாள். அவர் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"தம்பி ஒரு விளக்கம் கேட்டாரும்மா. மூணு கையெழுத்துல முடிக்க வழி இருக்கான்னு. இல்லைன்னுட்டேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

மனசில் வைக்காமல் வேறெங்கே வைப்பது? பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே அவள் கழித்துப் பார்த்தாள். நாலில் ஒன்று போக மூன்று. போகிற அந்த ஒன்று யார்? கொழுந்தன் தன்னையே வெட்டிக்கொள்ள மாட்டான். பெண்டாட்டியையும் வெட்ட மாட்டான். அண்ணனை வெட்டத் தேவையே இல்லை, தம்பி நீட்டின காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற ஆள். மிச்சம் அவள்தான். அன்றே தன் அடையாள அட்டையை எடுத்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். அவன் என் கூடப் பிறந்தவன் என்றான் கணவன்.

"நான் கூடப் பிறக்கல. அதனாலதான் எனக்குக் கண்ணு தெரியுது."

பதிவுக்கு முந்தின நாள் காலை, தங்கள் வாளிகளை எடுத்துவர மொட்டைமாடிக்குப் போனாள். மேல்வீட்டுக் கொடியில் ஹோட்டல் சீருடை தொங்கியது. அரக்குநிறக் கோட்டு, சாம்பல்நிறக் கால்சட்டை. தெருவிலிருந்து பார்த்தால் எப்போதும் தெரிகிற துணிதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் மகாராணி இன்றைக்கு வீட்டில்தான் என்று நினைத்துக்கொள்வாள். கிட்டப் போய்ப் பார்ப்பது இப்போதுதான் முதல் தடவை.

கோட்டின் வலது தோள் வெளிறி அழுக்கு ரோஸ் நிறமாகியிருந்தது. இடது தோளில் அரக்கு அப்படியே இருந்தது. கிளிப்பைத் திறந்தாள். அது கடித்திருந்த இடத்தில் துரு. கைப்பகுதிக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை. துணியை முகர்ந்தாள். சோப்பு வாசனை இல்லை, தூசிதான். ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு வெளிற, திருப்பிப் போடாமல் எத்தனை மாத வெயில் பட வேண்டும்? ஐந்துக்குக் குறையாது.

அவளுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது போலிருந்தது. சாமான்களை எப்போதோ கமுக்கமாக வேறு வீட்டுக்குக் கடத்திவிட்டார்கள். ஆள் இருக்கிற மாதிரி காட்டத் துணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வீட்டை வாங்குகிற பல் மருத்துவரோடு தனியாக ஏதோ பேசி முடித்தாகிவிட்டது. அதனால்தான் மேலே பெட்டியும் இல்லை, டேப்பும் இல்லை. கோட்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, மேல்வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு வருடத்தில் அந்தக் கதவை அவள் தொட்டதில்லை.

கொழுந்தன் பாதி பொத்தான் போட்ட சட்டையோடு திறந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், ஒன்பது மணிக்கு ஒரு மாணவி காத்திருப்பாள். அண்ணியைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டான்.

உள்ளே வீடு காலியாக இல்லை. சோபா இருந்தது, மேஜை இருந்தது, அலமாரி நிறையப் பாத்திரம் இருந்தது. அவள் போட்ட கணக்கு வாசலிலேயே உதைத்தது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

அவள் எங்கே என்று கேட்டாள். ஷிப்ட் என்றான். எந்த ஷிப்ட் என்றாள். காலை என்றான், பிறகு இல்லை மதியம் என்றான். அவள் கோட்டை மேஜைமேல் போட்டாள். சிலந்தி ஒன்று அதிலிருந்து இறங்கி மேஜை விளிம்புக்கு ஓடியது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"இதைப் போட்டுக்காம என்னத்தப் போட்டுட்டு வேலைக்குப் போறா?"

அவன் சட்டையின் மிச்சப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தான். செருப்பு அலமாரியின் மேல்தட்டு துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருப்பதை அவள் கவனித்தாள். கவனித்தும் நிறுத்த முடியவில்லை. கணவன் படியேறி வருகிற சத்தம் கேட்டது. அவனும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"தம்பி, தரகர் எல்லாம் சொல்லிட்டாரு. மூணு கையெழுத்து போதுமான்னு கேட்டீங்களாமே. நாலுல யாரை வெட்டப் பாத்தீங்க? என்னைத்தானே?"

"உங்களையா?" என்றான். நிஜமாகவே விளங்காத முகம்.

"நடிக்காதீங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் பதிவு. இது நின்னுபோனா மழைக்கு எம் பொண்ணு அந்தச் சுவத்துக்குள்ளதான் படுக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணி. அவ மூச்சு இழுக்கறது ராத்திரி இங்க கேக்கும். அதைக் கேட்டுட்டுத்தான் விக்கலாம்னு சொன்னேன். அதுக்குள்ள எப்படியாவது தேடிக் கண்டுபிடிச்சுரலாம்னு நெனச்சேன்."

"எதை?"

வாசலில் வந்து நின்ற அண்ணனை அவன் ஒருதரம் பார்த்தான். பிறகு மேஜைமேல் கிடந்த கோட்டை எடுத்து, கையை உள்ளே மடித்து, கடையில் மடிப்பதுபோல் சதுரமாக மடித்தான்.

"வெட்டப் பாத்தது உங்க கையெழுத்தை இல்ல. அவ கையெழுத்தை. அவ என்னை விட்டுட்டுப் போய் ஏழு மாசமாச்சு அண்ணி. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது."