வலது கண்ணின் பழைய எண்

காலை எட்டேகாலுக்கு மச்சினன் போன் செய்தான். அவன் அம்மாவை, என் அத்தையை, அப்போதுதான் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்து கடையின் ஷட்டரைத் தூக்கியிருந்தேன். பதினொரு மணிக்கு அவருக்கு வலது கண்ணில் புரை அறுவை. எனக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸை வெட்டித் தேய்த்துப் பிரேமில் பொருத்துவது.

மச்சினன் சிரிப்பை அடக்க முடியாமல் பேசினான். அத்தையின் டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்த வங்கி மேனேஜர் ஒருவர் குடிகாரக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாக்பீஸ் கோட்டின்மேல் நடந்தாராம். நாலாவது அடியில் குப்பைத் தொட்டியைக் கட்டிப் பிடித்தாராம்.

"என்ன கண்ணாடி?" என்றேன்.

"குடிச்சிட்டு ஓட்டினா ரோடு எப்படித் தெரியும்னு காட்டுறதுக்கு மாமா. அம்மாவோட பழைய சோடாபுட்டி. அம்மாவுக்குத் தெரியாம கார் டிக்கிலயே வச்சிருப்பேன்."

ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். பத்து நாளாக நானும் அத்தையும் அந்தக் கண்ணாடிக்காக வீட்டையே தலைகீழாகப் புரட்டியிருந்தோம்; இவனைக் கேட்கத் தோன்றவில்லை.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன் அத்தை லேசர் சிகிச்சை செய்துகொண்டார். அதன்பிறகுதான் கனரக லைசென்ஸ், டிரைவிங் ஸ்கூல் எல்லாம். இத்தனை வருடத்தில் கண்ணாடியே போடவில்லை. கண்ணுக்குள்ளேயே கண்ணாடியை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடிப்பார். இப்போது புரை வந்துவிட்டது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரை மெஷின் கணக்குப் போட்டுச் சொல்லும். ஆனால் லேசர் செதுக்கிய கருவிழி அந்தக் கணக்கைக் குழப்பும். செதுக்குவதற்கு முன் பவர் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். லேசர் செய்த இடத்தை மூடிப் பல வருடம் ஆகிறது. அத்தைக்கு எண் நினைவில்லை. கணக்குத் தப்பினால் மறுபடி தடிக் கண்ணாடி.

அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை. கண்ணாடி போடும்படி ஆனால் ஓட்டுவதையே விட்டுவிடுவதாகச் சொல்லி, கார் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டார். அது மிரட்டல் இல்லை. மகள் போன பிறகு அவரைக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்புவது அந்தக் கார் ஒன்றுதான். மகள் என்றால் என் மனைவி. அவள் இறந்து ஒரு வருடம் இரண்டு மாதம். என்னை எழுப்புவது அலாரம்.

மச்சினனை உடனே வரச் சொன்னேன். வழக்கமாகப் பத்து நிமிட வழி. கார் வந்து நின்றபோது ஒன்பது இருபது. ஓட்டி வந்தவர் மேனேஜர். வழியில் நாலு தடவை வண்டி அணைந்ததாம். ஆளை இறக்கி விட்டிருக்கலாமே என்றேன். பாதிப் பாடத்தில் இறக்கி விட்டால் அம்மா கொன்றுவிடுவார் என்றான். மேனேஜரும் இறங்கி வந்தார். அவருக்கும் முகமெல்லாம் வியர்வை, ஆனால் போகிற எண்ணம் இல்லை.

வட்டப் பிரேம். தூசும் கீறலுமாக இருந்தது. துடைத்து, பவரை அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்தேன். வலது மைனஸ் ஐந்தே முக்கால். இடது மைனஸ் எட்டு. டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மச்சினன் மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

டாக்டர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஸ்கேனோட ஒத்துப்போகலையே. வலது கருவிழியைத்தான் அதிகமா செதுக்கியிருக்காங்க, அப்போ அதுலதான் பவர் கூட இருந்திருக்கணும். இது அவங்க கண்ணாடிதானா?" என்றார்.

எந்தக் கண் மோசமாக இருந்தது என்று அத்தையிடமே கேட்கச் சொன்னேன். அவர் குரல் தூரத்தில் கேட்டது: "ரெண்டும் குருடுதான் டாக்டர். ஒண்ணுக்கு ஒண்ணு துணை." பத்தரைக்குள் உறுதியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கேனை வைத்து உத்தேசமாகத்தான் போடுவேன் என்றார் டாக்டர்.

இரண்டு லென்ஸிலும் ஒளி வளையாமல் போகும் மையத்தில் மைப்புள்ளி வைத்தேன். பொருத்தும்போது மையம் கண்மணிக்கு நேராக, பிரேமில் மூக்குப் பக்கமாகத் தள்ளி விழ வேண்டும். இதில் இரண்டு புள்ளியும் காதுப் பக்கம் இருந்தன. என் வேலையில் இப்படி வந்தால் முதலாளி என்னைப் படியில் உருட்டிவிடுவார்.

"இதை யாராவது கழட்டினீங்களா?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். போன வருடம் கீழே விழுந்து இரண்டு லென்ஸும் தெறித்ததாம். அவனே பசை வைத்து ஒட்டினானாம்.

"எது எந்தப் பக்கம்னு பார்த்தியா?"

"ரெண்டும் வட்டம்தானே மாமா. குடிகாரனுக்கு வலது என்ன, இடது என்ன?"

மேனேஜர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

இடம் மாறியிருக்கலாம். ஆனால் லென்ஸ் அதனதன் வளையத்திலேயே தலைகீழாகத் திரும்பியிருந்தாலும் புள்ளி அங்கேதான் விழும். இருக்கலாம் என்பதை நம்பி ஒருவர் கண்ணில் கைவைக்க முடியாது. கடிகாரத்தில் பத்தே கால்.

அந்தக் கண்ணாடியோடு அத்தையை நான் பார்த்ததில்லை. படத்தில் பார்த்திருக்கிறேன். ஆல்பத்திலிருந்த ஒன்றை என் மனைவி போனில் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள், கல்யாணத்துக்கு முன். அவள் போன பிறகு அவளுடைய செய்திகளை நான் திறக்கவே இல்லை. இப்போது திறந்தேன். மேலே, மேலே தள்ளிக்கொண்டே போனேன். கேஸ் சொல்லியாச்சா. குடை எடுத்துட்டுப் போ. எங்க இருக்க. எதையும் நிறுத்திப் படிக்கவில்லை. விரல் மட்டும் ஓடியது. மச்சினன் என் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வந்தது. மடியில் அவள், நாலு வயது, வாயில் விரல். மேலே அத்தை, சோடாபுட்டியுடன். அடியில் அவள் எழுதியிருந்தாள்: உன் மாமியாரைப் பார்த்துக்கோ, பயந்தா இப்பவே ஓடிடு.

முகத்தைப் பெரிதாக்கினேன். மைனஸ் லென்ஸுக்குள் கன்னத்தின் ஓரம் உள்ளே வெட்டியதுபோலத் தெரியும். பவர் கூடக் கூட வெட்டும் ஆழம். ஒரு பக்கம் கன்னம் லேசாக உடைந்திருந்தது. மறுபக்கம் காதுவரை முகமே உள்ளே போயிருந்தது. படம் இடவலம் மாறியிருக்குமோ என்று புருவத்தைப் பார்த்தேன். அத்தைக்கு வலது புருவத்தில் தழும்பு. ஆழமாக வெட்டிய பக்கத்தில்தான் தழும்பும் இருந்தது.

"வலதுதான் எட்டு," என்று டாக்டரிடம் சொன்னேன். "லென்ஸ் இடம் மாறியிருக்கு. கண்ணாடி போட்ட பழைய போட்டோவும் அதையேதான் சொல்லுது. அனுப்பறேன்."

"இப்போ ஒத்துப்போகுது," என்றார் அவர். பிறகு தன்பாட்டுக்கு எண்களைச் சொல்லிக்கொண்டே போனை வைத்தார். மச்சினன் மேனேஜரைக் கட்டிப்பிடித்தான். மேனேஜர்தான் மருத்துவமனைக்கும் ஓட்டினார். வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் அத்தை ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "மாப்ள, இவ்ளோ இளைச்சுப் போய்ட்டீங்களா? எனக்குத் தெரியவே இல்லையே," என்றார். புரையால்தான் என்றேன்.

ஐந்து வாரம் கழித்துக் கண் பரிசோதனை. நானும் மச்சினனும் கதவுக்கு வெளியே நின்றோம். இடது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார் அதிகாரி. ஆறாவது வரி. ஏழாவது வரி. அத்தை கடகடவென்று போய்க்கொண்டே இருந்தார்.

"போதும்மா," என்றார் அதிகாரி.

"இருங்க சார், கீழ இன்னும் இருக்கு," என்று, அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பெயரையும் படித்தார்.