செல்வகுமாரி சொன்ன சாட்சி

கிருமாம்பாக்கத்தில் கரும்பு போட்டிருந்த செல்வகுமாரியின் மோட்டார் கொட்டகையில் ஒயரை அறுத்தவன் செல்லக்கண்ணு. பழைய இரும்புக் கடையில் ஒயரோடு பிடிபட்டான். டிராக்டர் ஓட்டிப் பிழைத்தவன், வேலை போனபின் குடித்துத் திரிந்தான். எஸ்.ஐ. இளவரசி செல்வகுமாரியைத் தனியே அழைத்துப் பேசினார். முதல் தப்பு, ஒயரும் கிடைத்துவிட்டது, கேஸ் போட்டால் இனி யாரும் அவனை வண்டி ஓட்ட வைத்துக்கொள்ள மாட்டார்கள், எச்சரித்து விட்டுவிடலாமா என்று கேட்டார். வாசலில் கைக்குழந்தையோடு அவன் மனைவி நின்றிருந்தாள். செல்வகுமாரி சரி என்று சொல்லிவிட்டாள்.

சொன்னதிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை. உலை கொதிக்கும்போதே எழுந்துபோய் ஒயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். செல்லக்கண்ணு அரியூரில் செங்கல் லாரி ஓட்டப் போவதாகச் சொன்னார்கள். பஸ் ஸ்டாப்பில் எதிர்ப்பட்டால் இருவருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு பக்கத்து நிலத்துச் சுப்பராயலுவின் ஒயர் போனது. அவரும் மச்சானும் மகன் தமிழ்க்குமரனும் விடிந்ததும் பஸ் ஸ்டாப்புக்கே போய்ச் செல்லக்கண்ணுவை இழுத்துப் போட்டு அடித்தார்கள். செல்வகுமாரி ஓடிப்போய் விலக்குவதற்குள் அவன் வலது கை முறிந்திருந்தது.

"நான் தொடலக்கா," என்று அவளிடம் மட்டும் சொன்னான்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே உண்மையான திருடர்கள் கடலூரில் அகப்பட்டார்கள். சுப்பராயலு அவள் வீட்டுக்கு வந்தார். மகன் போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறான், கேஸ் என்றால் எல்லாம் போச்சு என்று சொன்னார்.

"நீ அவன வுட்டல்ல? நீ சொன்னா கேப்பான்."

மறுக்க முடியாமல் அவனைப் பார்க்கப் போனாள். செல்லக்கண்ணு மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். கேஸ் வேண்டாம் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"நீ வுட்டது ஒயரு, அக்கா. இது வண்டி ஓட்டற கை."

அதற்குமேல் அவளால் வற்புறுத்த முடியவில்லை. இந்த நன்றிகூட இல்லையா என்று ஒரு கோபம் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கோபமே அவளுக்கு அசிங்கமாகப் பட்டது.

மறுநாள் இளவரசி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அடித்ததைப் பார்த்தவர்கள் பலர். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செல்வகுமாரி சுப்பராயலுவின் பெயரைச் சொன்னாள், மச்சான் பெயரைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள்.

"பையன் இன்னா பண்ணான்?"

"அவன் அடிக்கல மேடம்."

இளவரசி பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே கடலூர் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"செல்லக்கண்ணோட கைய புடிச்சிக்கினான்," என்றாள் செல்வகுமாரி.

அதையும் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார். மறுநாள் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. சுப்பராயலுவின் வரப்பு வழியாகத்தான் போயாக வேண்டும். மண்வெட்டியை எடுப்பதும் வைப்பதுமாக, மதியம்வரை அவள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.