ராமர் பச்சை

கல்யாண நாளுக்கென்று மெர்சி கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு புடவை எடுத்தாள். நீலத்திலும் சேராத, பச்சையிலும் சேராத, வெயில் பட்டால் கண்ணைப் பறிக்கிற நிறம். கடைக்காரர் அதை ராமர் பச்சை என்றார். கணவன் சாம்சன் அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் கட்டியிருந்ததும் இதே நிறம்தான். அந்தப் புடவை எப்போதோ நைந்து போயிற்று. சாம்சனும் வெல்டிங் வேலைக்குக் கத்தார் போய், அவன் இல்லாமல் மூன்று கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. புதுவாயல் வீட்டின் மொட்டைமாடியில், சாயங்கால வெளிச்சம் மேலே விழும்படி நின்றுகொண்டு வீடியோ கால் போட்டாள்.

"இன்னா மெர்சி, புதுப் பொடவையா? ப்ளூ கலரு சோக்கா கீது."

"ப்ளூவா? நல்லாப் பாருங்க."

"பாத்துக்கினுதான் கீறேன். எங்க ரூம்ல தண்ணி புடிக்கிற பக்கெட்டு கலரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பின்னால் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். பெண் பார்த்த நாளையே மறந்துவிட்டான் என்று மெர்சிக்குத் தோன்றியது. அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள வீட்டில் இன்னொரு ஆள் இல்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வீம்புக்கு அதே புடவையோடு வேலைக்குப் போனாள். தொழிற்பேட்டையில் டிவி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்குச் செக்கிங் வேலை. திரையில் கோடு, கறை, எரியாத புள்ளி இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். அன்று இன்ஜினியர் காயத்ரி ஒரு புது மாடலைப் பழைய மாடலின் பக்கத்தில் வைத்து, ஒரே கேமராவை இரண்டுக்கும் இணைத்துக்கொண்டிருந்தாள். மெர்சி மாட்டியிருந்த கம்பெனிக் கோட்டுக்குக் கீழே தெரிந்த புடவையைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"அக்கா, கோட்டைக் கழட்டிட்டு கேமரா முன்னாடி கொஞ்சம் நில்லுங்களேன். இந்தக் கலரைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

மெர்சி நின்றாள். பழைய டிவியில் பக்கெட் நீலம். புது டிவியில் ராமர் பச்சை, கடையில் பார்த்தபடியே.

"இன்னா மேடம் இது? எங்க ஊட்டுக்காரரும் போன்ல ப்ளூன்னுதான் சொன்னாரு."

"ஒவ்வொரு கலரையும் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவுன்னு நம்பராத்தான் அனுப்புறோம். உங்க புடவைக்குச் சிவப்போட நம்பர் ஜீரோவுக்கும் கீழ போகணும்கா. பழைய சிக்னல்ல அதுக்கு இடமில்ல, ஜீரோவிலேயே வெட்டிடும். புதுசுல கீழ போற நம்பரையும் சேர்த்து அனுப்புறோம்."

"அப்ப அவரு மேல தப்பில்லியா?"

"போன்லயும் அந்தப் பழைய சிக்னல்தான். அவருக்கு வந்து சேர்ந்ததே ப்ளூதான்கா."

கேபிள் எடுக்கக் காயத்ரி வெளியே போனாள். மெர்சி அசையாமல் நின்றாள். பெரிய திரையில் ஆளுயரத்துக்கு அவளே நின்றாள். சாம்சன் பார்த்திருக்க வேண்டிய மெர்சி. பார்க்க அவளைத் தவிர அந்த அறையில் ஒருவரும் இல்லை. கன்னத்தோரம் முடியை ஒதுக்கிக்கொண்டாள். திரையில் இருந்தவளும் ஒதுக்கிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் உன்னப் பாக்க வந்தப்போ கட்டிக்கினு இருந்தியே, அந்தக் கலரா?"

"அதேதான்," என்றாள் மெர்சி. "ஏப்ரல்ல வருவீங்க இல்ல, நேர்ல பாத்துக்கலாம்."

"காண்ட்ராக்ட்ட நீட்டிட்டாங்க மெர்சி. எப்டி சொல்றதுன்னே தெரியாம இருந்தேன்."

அவள் போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"பொடவய எடுத்து இன்னொரு தபா காட்டேன்," என்றான்.

பீரோவிலிருந்து எடுத்துவந்து, பிரித்து, போனுக்கு முன்னால் பிடித்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது. பச்சையாத்தான் கீது."

பொய் என்று அவளுக்குத் தெரியும். "ம்" என்றாள். அவன் போதும் என்று சொல்லவில்லை; அவளும் கையை இறக்கவில்லை.