டீச்சரின் காதுமெஷின்

டீச்சருக்கு இரண்டு காதும் மந்தம். மழலையர் பள்ளியில் இருபத்திரண்டு வாண்டுகளை ஏழு வருடமாக அவள் கட்டி மேய்த்தது, காதுக்குள் செருகியிருந்த இரண்டு சின்னக் கருவிகளின் தயவில்தான். நாற்காலி இழுபடும் சத்தத்தைக் குறைத்து, பிள்ளைகளின் கீச்சுக்குரலைக் கூட்டி, கைப்பேசிச் செயலி வழியாக அவற்றைத் தனக்கு ஏற்றபடி பழக்கி வைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தச் செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. கருவி செய்த கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாம். 'உங்கள் மாடலுக்கு இனி சேவை கிடையாது' என்று திரையில் ஒரு வரி. அவள் செய்துவைத்த அமைப்பெல்லாம் துடைத்துப் போட்டதுபோல் போய்விட்டது.

வகுப்பில் தகரக் கூரைமேல் கல் கொட்டுகிற மாதிரி ஒரே இரைச்சல். ஒரு குட்டிப்பெண் வந்து ஏதோ கேட்டாள். விளையாடப் போகட்டுமா என்று கேட்பதாக நினைத்து, "கொஞ்சம் பொறு கண்ணு" என்றாள் டீச்சர். அது கேட்டது கழிப்பறைக்குக் கூட்டிப் போகச் சொல்லி. நனைந்த கவுனோடு பிள்ளை நின்று அழுதபோது டீச்சரும் சேர்ந்து அழுதுவிட்டாள்.

அன்று மாலை லாரி ஓட்டும் கொழுந்தனார் வீட்டுக்கு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உரத்த குரலில் ஆரம்பித்தார்.

"எல்லாம் கம்பெனிக்காரன் தந்திரம் அண்ணி. நல்லா இருக்கிறதைச் சாகடிச்சாத்தானே புதுசு விக்க முடியும்? அந்தக் காலத்து மெஷின்ல ஒரு திருகாணி இருக்கும். திருகினா முடிஞ்சுது."

"அந்தத் திருகாணியோட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் தம்பி. இது வந்த பிறகுதான் எனக்கு வேலையே கிடைச்சுது. மெஷின் மேல எனக்குக் கோபமில்ல."

"அப்ப யார் மேல?"

"அதான் தெரியல. ஒரு ஆளைக் காட்டுங்க, கோபப்படறேன்."

குழாய் ரிப்பேர் செய்யும் அவள் கணவர் சிரித்தார். "நான் மாட்டின குழாய் ஒழுகினா வாசல்ல வந்து என் சட்டையைப் பிடிக்கிறாங்க. இவங்க சட்டையை எங்க போய்ப் பிடிக்கிறது?"

சனிக்கிழமை இருவரும் கருவி வாங்கிய கடைக்குப் போனார்கள். புது மாடலின் விலையைக் கேட்டதும் கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைப்பெண்ணுக்கே சங்கடமாகிவிட்டது. "கேபிள் போட்டு நானே சரி பண்ணிடுவேன் மேடம். ஆனா எங்க கம்ப்யூட்டர்லயும் இந்த மாடலைக் கம்பெனி பூட்டிடுச்சு. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் பாருங்க."

காது கேளாதவர்கள் உதவி கேட்கப் போன் மட்டும்தான் வழி! கணவர்தான் பேசினார். ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, நாற்பது நிமிடம் இசை கேட்டபின் ஒரு பெண்குரல் கிடைத்தது. எழுதிவைத்ததை அது ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறது உங்க வேலைம்மா, உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது? ஆனா என் வீட்டுக்காரி கதையைக் கொஞ்சம் கேளுங்க" என்று வகுப்பில் நடந்ததைச் சொன்னார்.

மறுமுனையில் குரல் தணிந்தது.

"சார், எங்க இணையதளத்துல புகார் படிவம் இருக்கு. மூணாவது பக்கத்துல 'என் வேலை பாதிக்கப்பட்டது'ன்னு ஒரு கட்டம். அதை டிக் பண்ணுங்க. மத்ததுக்கெல்லாம் கம்ப்யூட்டரே பதில் அனுப்பிடும். அது மட்டும் மனுஷங்ககிட்ட போகும். இந்த மாடலுக்காகக் கூப்பிடற எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

அன்றே எழுதி அனுப்பினார்கள். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை தலைமை ஆசிரியை ஒரு துணை ஆளை வகுப்புக்கு அனுப்பினார். பிள்ளைகள் டீச்சரின் முழங்காலைத் தட்டி, முகத்தைத் தங்கள் பக்கம் திருப்பி, வாயை அகலத் திறந்து பேசப் பழகிக்கொண்டார்கள்.

கம்பெனியின் பொறியாளர் ஒருவர் பதில் எழுதியிருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தக் கட்டத்தில் குறியிட்டிருந்தார்களாம். அத்தனையையும் அச்செடுத்து மேலதிகாரிகள் முன்னால் வைத்தாராம். பழைய மாடலுக்கான பூட்டைக் கடைகளுக்குத் திறந்துவிட ஒப்புக்கொண்டார்கள்.

கடைப்பெண் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கரண்டியைக் கீழே போட்டாள், நாற்காலியை இழுத்தாள், குழந்தைக் குரலில் பாட்டுக்கூடப் பாடினாள். "இப்ப?" "இன்னும் கொஞ்சம்." கடைசியில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். டீச்சர் காசு கொடுக்கப் போனதற்கு, "இதுக்குப் போயா?" என்று கடைப்பெண் அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

"முந்நூறு பேர் கத்தினாத்தான் கேக்குதுன்னா, காதுமெஷின் அவங்களுக்குத்தான் வேணும் அண்ணி" என்றார் கொழுந்தனார்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். "நீங்க சொல்றது நியாயம்தான் தம்பி. ஆனா அதே கம்பெனிக்குள்ளதானே போன்ல வழி சொன்ன அந்தப் பொண்ணும் இருக்கு."

மறுநாள் மதியம் அவளே உதவி எண்ணைக் கூப்பிட்டாள். கணவர் பேசிய தேதியையும் விவரத்தையும் கேட்டுவிட்டு, எடுத்தவர் பக்கத்து இருக்கையிலிருந்த அதே பெண்ணுக்குக் கைமாற்றிவிட்டார்.

"நன்றி சொல்லவா கூப்பிட்டீங்க?" அந்தப் பெண்ணால் நம்ப முடியவில்லை. "இங்க அதுக்கு எதை அழுத்தணும்னு ஒரு எண்ணே கிடையாது மேடம்."

"அன்னிக்கு ரொம்ப நேரம் பேசினதுக்குத் திட்டு வாங்கினீங்களாம்மா?"

"வாங்கினேன். பரவாயில்ல மேடம்."

"சாப்பிட்டாச்சா?"

"இல்ல. இடைவேளைக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

"அப்ப அந்த அஞ்சு நிமிஷமும் என்கூடவே பேசிட்டிருங்க. வேற யாரும் லைன்ல வந்து உங்களைத் திட்ட முடியாதுல்ல?"